பால் காய்ச்சாத வீடு

காலை ஆறு இருபதுக்குப் போன் அடித்தது. ஆடி பிறந்து முதல் திங்கட்கிழமை. திருவள்ளூரில் எங்கள் வீட்டு அடுப்பில் இட்லிப் பானை ஏறியிருந்தது. எனக்குப் பள்ளிக்கூடம், மகளுக்கு ஷிப்ட்.

"இன்னாம்மா, உங்க ஊட்ட காலி பண்ணிக்கினு போறாங்களே, உனக்குத் தெரியுமா தெரியாதா? லாரி வந்து நிக்குது. கட்டில எல்லாம் ஏத்திக்கினு கீறானுங்க."

யார் பேசுவது என்றே தெரியவில்லை. கேட்டேன்.

"நான் பக்கத்து ஊடு. சுவத்துல நம்பர் எழுதி வச்சிக்கிறியே, அதப் பாத்து அடிச்சேன்."

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வாடகைக்கு விடுவதற்காக என் மகள் பெயரில் நாங்கள் வாங்கிய வீட்டைப் பற்றித்தான் அந்த அம்மாள் சொன்னார். முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு என்று நான்கு போர்ஷன். நான்கிலும் இருந்தவர்கள் ஒரே காண்டிராக்டரின் ஆட்கள். அவர்கள் போனால் நான்கும் காலி.

காண்டிராக்டருக்கு மகள் போன் போட்டாள். நான்காவது தடவைதான் எடுத்தார்.

"நானே கூப்புடணும்னு இருந்தேன் மேடம். கம்பெனில காண்டிராக்ட் முடிஞ்சிடுச்சி. ஆளுங்கள ஒரகடம் மாத்திட்டேன். நோட்டீஸ் காலத்துக்கு அட்வான்ஸ்ல கழிச்சிக்கோங்க. நல்ல ஊடு மேடம். ஒரு கொறையும் இல்ல."

இப்போதெல்லாம் வாடகைக்கு விட வீடு வாங்கலாமா என்று என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். பள்ளியில் சக ஆசிரியைகள், அவர்கள் தம்பி தங்கைகள், மகளுடைய கம்பெனிப் பிள்ளைகள். தயங்காமல் சொல்கிறேன், தைரியமாகவும் சொல்கிறேன். ஆனால் இன்றும் அந்த நேரத்துக்குப் போன் அடித்தால் முதலில் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.

அந்த வீட்டுக்கு முன்பணம் என் கணவர் இறந்தபின் அவருடைய அலுவலகத்திலிருந்து வந்த பணம். மீதிக்கு மகள் பெயரில் வங்கிக் கடன். நகையாகப் போட்டு வைத்தால் பெட்டிக்குள் கிடக்கும், வீடாக இருந்தால் மாதாமாதம் ஏதாவது கொடுக்கும் என்று மகள் சொன்னாள். அவள் அந்தத் தொழிற்பேட்டையிலேயே ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறாள். வீடு கிடைக்காமல் பையோடு அலைகிற தொழிலாளர்களைத் தினமும் பார்க்கிறவள். அவள் கணக்கில் தப்பில்லை. பத்திரத்திலும் தப்பில்லை. வில்லங்கச் சான்று, பட்டா, வரி ரசீது எல்லாவற்றையும் ஒரு வக்கீலிடம் காட்டி, திருப்தி வராமல் இன்னொருவரிடமும் காட்டினேன். இரண்டு பேருமே வாங்கலாம் என்றார்கள்.

தவறு நடந்தது வேறொரு இடத்தில். எந்தப் பத்திரத்தைப் புரட்டினாலும் அது கண்ணில் படாது.

வாங்குவதற்கு முன்னால் சில மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கூட்டத்துக்குப் போனோம். கல்யாண மண்டபம் ஒன்றில், புதிதாக வீடு மனை வாங்குகிறவர்களுக்காக நடத்துவது. வாசலிலேயே பன்னீருக்குப் பதில் விசிட்டிங் கார்டு. உள்ளே எல்லோரும் எல்லோருக்கும் கை கொடுப்பார்கள். "பழக்கம்தான் மூலதனம்" என்று மேடையிலிருந்தவர் சொல்ல, எல்லோரும் திரும்பிப் பக்கத்து நாற்காலியோடு பழக வேண்டும். என் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் நான்கைந்து வீடு வைத்திருப்பவர். வெள்ளைச் சட்டை, காதில் எப்போதும் போன் மாட்டியிருக்கும்.

"மேடம், நீங்க டீச்சர். நாலு குடும்பம், நாலு வாடகை, நாலு சண்டை, எதுக்கு உங்களுக்கு? மொத்தமா ஒரு லேபர் காண்டிராக்டர்கிட்ட குடுங்க. ஒரே சாவி. ஒரே வாடகை. ஒரே தலைவலி."

எனக்கு அது தேன் மாதிரி இருந்தது. நான் பயந்த சுபாவம். நான்கு வீட்டுக் குழாய் ரிப்பேரை நினைத்தே தூக்கம் கெடுகிறவள். ஒரே சாவி என்றதும் அந்த இடத்திலேயே நிம்மதியாகிவிட்டது.

தை மாதம் பத்திரப் பதிவு முடிந்து அலுவலக வாசலில் கரும்புச் சாறு குடித்துக்கொண்டிருக்கும்போதே காண்டிராக்டர் வந்து சாவியை வாங்கிக்கொண்டார். அன்று மாலையே கட்டில்கள் இறங்கின. சமையலறை மேடைகளை இடித்துவிட்டால் இன்னும் இரண்டு கட்டில் போடலாம் என்றார். ஆட்களுக்குச் சாப்பாடு மெஸ்ஸிலிருந்து வந்துவிடுமாம். மகள் சரி என்றாள். கூட்டத்தில் இதற்கு ஒரு பெயர்கூட வைத்திருந்தார்கள்: இடத்தை உழைக்க வைப்பது. ஒன்றரை வருஷம் இடம் நன்றாகத்தான் உழைத்தது. மாதம் பிறந்தால் வாடகை வந்தது. நாங்கள் அந்த வீட்டுப் பக்கமே அதிகம் போகவில்லை.

இப்போது போனோம். திருவள்ளூரிலிருந்து பெரியபாளையம், அதற்கு அடுத்த ஆரணி வழியாகப் புதுவாயல் போய் அங்கிருந்து வேறு பஸ். ஆடி மாதத்தில் அந்தத் தடத்தில் பஸ் ஏறியவர்களுக்குத் தெரியும். பெரியபாளையம் வரைக்கும் மஞ்சள் புடவையும் வேப்பிலையும்தான். ஒரு கையில் கோழி, ஒரு கையில் பிள்ளையோடு ஒரு பெண் என் மடியில் கோழியை வைத்துவிட்டு, "கொஞ்சம் புடிச்சிக்கோக்கா" என்றாள். மனசு இருந்த நிலையில் அந்தக் கோழியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே போனோம்.

வீடு திறந்து கிடந்தது. நான்கு போர்ஷனிலும் சமையலறை என்று ஒன்று இல்லை. மேடை இருந்த இடத்தில் சுவரில் பழுப்பாக ஒரு கோடு மட்டும். சுவரெல்லாம் ஆணி. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் தகர மூடி பிளந்து கிடந்தது. மகள் கூட்டத்தின் வாட்ஸாப் குழுவில் எழுதினாள்: நான்கு போர்ஷன் காலி, ஆள் தேவை. கும்பிடு போட்டவர்கள் பத்துப் பேர். "ஆல் தி பெஸ்ட் சிஸ்டர்" என்று ஐந்து பேர். ஒருவர் மட்டும் விவரமாக எழுதியிருந்தார்: "ஆடியில் எவன் வீடு மாத்துவான்?"

அதுதான் உண்மை. ஆடியில் எங்கள் பக்கம் யாரும் புது வீடு புக மாட்டார்கள். ஆவணி பிறக்கிற வரை ஒரு குடும்பமும் வராது. வேறு காண்டிராக்டர் தேடினோம். கம்பெனி பஸ் வாசலிலேயே வந்து நிற்கிற மாதிரி பெரிய பெரிய தொழிலாளர் விடுதிகள் இப்போது வந்துவிட்டன, ஆட்களை அங்கேதான் வைக்கிறோம் என்றார்கள்.

பக்கத்து வீட்டு அம்மாளுக்கு நன்றி சொல்லப் போனேன். என் வயதுதான் இருக்கும். ஊருக்கு வெளியே நெல் நிலம், ஊருக்குள் வாடகைக்கு மூன்று போர்ஷன். ஒன்றுகூடக் காலியில்லை. மகள் அவரைப் போட்டியாளர் என்றே கணக்கில் வைத்திருந்தாள். காபி கொடுத்தார். நான் குடும்பம் யாராவது கிடைக்குமா என்று கேட்டதும் சிரித்தார்.

"கம்பெனி ஊட்டுக்கு எந்தக் குடும்பம் வரும்?"

"கம்பெனி வீடா? அது எங்க வீடுங்க."

"உங்க ஊடுன்னு யாருக்குத் தெரியும்? பத்திரம் பண்ணீங்க, பூட்டு மாட்னீங்க, போனீங்க. பால் காய்ச்சினீங்களா?"

இல்லை என்றேன். நாங்கள் குடியிருக்கப் போவதில்லையே, வாடகைக்குத்தானே என்றேன்.

"யாரு இருந்தா இன்னா? அடுப்புல பால் பொங்காத ஊட்டுக்கு எவ வந்து சோறாக்குவா? தெருவுல ஒரு ஆளக் கூப்புடல. ஒரு வாய் பால் குடுக்கல. ஆடில அம்மனுக்குக் கூழு ஊத்தறதுக்கு வருஷா வருஷம் வீட்டுக்கு வீடு வரி வாங்குவோம். உங்க ஊட்ல மட்டும் யாரும் கேக்க மாட்டாங்க. யார்கிட்டப் போயி கேக்கறது, அந்தக் கட்டிலுங்க கிட்டயா?"

எனக்குச் சுருக்கென்றது. நான் சொந்தமாகக் கட்டிய வீட்டுக்குப் பால் காய்ச்சினேன். என் தம்பி வாடகைக்குப் போன வீட்டுக்குக்கூடப் பால் காய்ச்சினோம். வாங்கி வாடகைக்கு விடுகிற வீட்டுக்குக் காய்ச்ச வேண்டும் என்று எனக்கோ மகளுக்கோ தோன்றவே இல்லை. அதை நாங்கள் வீடு என்று நினைக்கவில்லை, முதலீடு என்று நினைத்தோம். அந்தத் தெருவும் அப்படியே எடுத்துக்கொண்டது.

"அப்ப இப்ப காய்ச்சிடறோம்" என்றாள் மகள், பின்னாலிருந்து.

"ஆடில காய்ச்சுவியா பாப்பா? நல்லா படிச்ச போ!" அந்த அம்மாள் மறுபடி சிரித்தார். "வர்ற ஞாயித்துக்கெழம கூழு ஊத்தறோம். வரியக் குடுத்துட்டு நீயும் உங்கம்மாவும் வந்து நில்லுங்க. நாலு பேரு மூஞ்சியப் பாக்கட்டும். மொதல்ல இடிச்ச மேடையக் கட்டு. இடிச்சதத் திருப்பிக் கட்றதுக்கு ஆடி கெடையாது."

இதற்குள் கல்யாண மண்டபத்துப் பக்கத்து நாற்காலிக்காரர் போன் செய்துவிட்டார். வாட்ஸாப்பில் பார்த்தாராம். தானே எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு விலை சொன்னார். அந்த விலைக்குக் கொடுத்தால் கடனை அடைத்த பிறகு என் கணவர் பணத்தில் பாதிகூடத் திரும்பாது.

"எமோஷன் வேணாம் சிஸ்டர். மொத வீடு எல்லாருக்கும் பாடம்தான்" என்றார்.

மகள் இரண்டு நாள் நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். மூன்றாம் நாள் சாப்பிடும்போது சொன்னாள்: "ஆவணி கடைசி வரைக்கும் பாக்கலாம்மா. அதுக்குள்ள நாலு போர்ஷனும் நிறைஞ்சா வச்சிக்கலாம். இல்லன்னா அவருக்கே குடுத்துடலாம். என் சம்பளம் மொத்தமும் தவணைக்கே போச்சுன்னா, நீ எனக்குச் சோறு போடற மாதிரி ஆயிடும்."

நான் போட மாட்டேனா என்று வாய் வரை வந்தது. அவள் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தேன்.

கூழ் ஊற்றுகிற ஞாயிறு. தெருமுனை அம்மன் கோயிலுக்கு முன்னால் அண்டா அண்டாவாகக் கேழ்வரகுக் கூழ். முருங்கைக்கீரைப் பொரியலும் கருவாட்டுக் குழம்பும் ஒரு பக்கம். நாங்கள் போய் நின்றதும் ஒரு குரல்: "வாங்க வாங்க, கம்பெனி ஊட்டம்மா வந்துட்டாங்க. சேர் போடுடி."

எல்லோரும் சிரித்தார்கள். மகள் சேரில் உட்காரவில்லை. துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு அகப்பையை வாங்கிவிட்டாள். ஊற்றத் தெரியவில்லை. முதல் சொம்பில் பாதி தரையில்.

"மெதுவா ஊத்து பாப்பா. உங்க கம்பெனில பெயிண்டா அடிக்கற?"

"நான் செக்கிங்க்கா. மத்தவங்க கொட்டறத எழுதற வேல."

"அப்ப நீ கொட்டனத நான் எழுதிக்கறேன்."

அதற்குப் பிறகு பேச்சு தானாக வந்தது. ஒன்றரை வருஷமாக அந்த வீட்டைப் பற்றித் தெருவில் சேர்ந்திருந்த புகார்கள் எல்லாம் எங்கள் தலையில் கொட்டின. அந்த ஆட்கள் மதில் மேல் துணி உலர்த்துவார்கள். "காத்தடிச்சா ஜட்டி பறந்து வந்து எங்கூட்டு துளசி மேல குந்திக்கும்" என்றாள் ஒருத்தி. பின்பக்கக் குளியலறைக் கதவு தெருவைப் பார்த்துத் திறக்கிறது, எந்தப் பொம்பள அதில் குளிப்பாள்? மதிய ஷிப்ட் முடிந்து ராத்திரி பெண்கள் வருகிற வழியில் ஒரு விளக்கு இல்லை. நடையில் தண்ணீர் தேங்குகிறது. மகள் ஊற்றிக்கொண்டே கேட்டாள். வீட்டை வாங்குவதற்கு முன்னால் நாங்கள் கேட்டிருக்க வேண்டியதெல்லாம் அன்று கூழோடு கிடைத்தது.

குறை மட்டும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னார்: "அந்தப் பசங்கள்ல ஒருத்தன் மட்டும் போன வருஷம் சொம்ப எடுத்துக்கினு இந்த வரிசைல வந்து நின்னான். ஒடிசாக்காரன். கூழுன்னா இன்னான்னே தெரியாது. ஒரு வாய் குடிச்சிட்டு மூஞ்சிய அஷ்டகோணலா பண்ணான். அப்பறம் இன்னொரு சொம்பு வாங்கனான். எங்கூட்டு கேட்டு கீல் போயிருந்திச்சி, அவன்தான் வெல்டிங் வச்சிக் குடுத்தான்."

ஆடி முடிவதற்குள் நான்கு மேடையும் கட்டினோம். குளியலறைக் கதவை நடைப் பக்கம் திருப்பினோம். துணி உலர்த்த மாடியில் கம்பி, வாசலில் விளக்கு. தொட்டி மூடிக்கு மட்டும் அளவு கிடைக்காமல் கல்லை வைத்து மூடியிருந்தோம். நான் சனி ஞாயிறு போய் நின்றேன். மகள் ஷிப்ட் முடிந்து வந்து நிற்பாள். சுவர் பூசுகிறவரிடம் அவள் பேசுகிற தோரணையைப் பார்த்தபோது எனக்குப் பயம் கொஞ்சம் குறைந்தது.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் பால் காய்ச்சினோம். உப்பு, மஞ்சள், அரிசி, குடத்தில் தண்ணீர் என்று எல்லாம் முறைப்படி. தெருவில் ஒரு வீடு விடாமல் முந்தின நாளே போய் அழைத்திருந்தோம். இருபது பெண்களாவது வந்தார்கள். பால் பொங்கியது.

"கெழக்கால பொங்கிச்சி, பாத்தியா?"

"பொங்கனப்பறம் நீ ஏண்டி திக்கு பாக்கற, கொலவ போடு!"

குலவை போட்டார்கள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே ஒவ்வொரு போர்ஷனாகப் போய்ப் பார்த்தார்கள். அலமாரியைத் திறந்தார்கள், குழாயைத் திருகினார்கள், மேடை மேல் தட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி தன் அக்கா மகளுக்கு இப்போதுதான் கல்யாணம் ஆனதைச் சொன்னாள். அடுத்த வாரம் அந்தப் புது ஜோடி முன்பக்கம் குடிவந்தது. இன்னொருத்தியின் நாத்தனார் குடும்பம் அதற்குப் பக்கத்தில். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற ஒரு பெண் தன் அப்பா அம்மாவோடு பின்பக்கம் ஒன்றில். கல்யாண மண்டபத்தில் நான் வாங்கிய கார்டுகள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. அதில் ஒன்றுகூட ஒரு குடியை அனுப்பவில்லை. அன்று கொடுத்த ஒரு டம்ளர் பால் மூன்று குடியை அனுப்பியது.

யோசனை கேட்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன். பத்திரத்தைப் பாருங்கள், வக்கீலைப் பாருங்கள், அதிலெல்லாம் குறை வைக்காதீர்கள். வீட்டை லீவு நாளில் மட்டும் பார்க்காதீர்கள், ஷிப்ட் விடுகிற நேரத்தில் போய் நில்லுங்கள். மொத்தத்தையும் ஒரே கைக்குக் கொடுக்காதீர்கள். ஒரே சாவி என்றால் ஒரே நாளில் காலி. பழக்கம்தான் மூலதனம் என்று மேடையில் சொன்னது சரிதான். ஆனால் பழக வேண்டியவர்கள் அந்த மண்டபத்தில் இல்லை. நீங்கள் வாங்குகிற வீட்டுக்கு இடமும் வலமும் எதிரும் இருக்கிறார்கள். நீங்கள் அங்கே ஒரு இரவுகூடப் படுக்கப் போவதில்லை என்றாலும் பாலைக் காய்ச்சி அவர்களுக்கு ஒரு வாய் கொடுங்கள்.

மூன்று நிறைந்துவிட்டது. நான்காவதுதான் நகரவில்லை. பின்பக்கம், ராசியில்லை என்று ஒதுக்குகிற மேற்குப் பார்த்த வாசல். வந்தவர்கள் எல்லோரும் வாசலைப் பார்த்துவிட்டு "சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. ஆவணி கடைசி ஞாயிறும் வந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் காலையிலேயே செய்தி அனுப்பியிருந்தார்: "அக்ரிமெண்ட்டோடு வரட்டுமா சிஸ்டர்?" மகள் அதைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான் என்று அவள் முகத்தில் இருந்தது. அவள் அப்பாவும் அப்படித்தான், தனக்குத் தானே சொல்லிக்கொண்டதைக்கூட மாற்ற மாட்டார்.

நாங்கள் காலி போர்ஷனைக் கூட்டித் துடைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்திருந்தோம். மூன்று வீட்டிலும் சமைக்கிற வாசனை. புதுப் பெண் ரசம் தாளித்தாள். மதியத்துக்கு மேல் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து அந்த அம்மாளின் குரல் வந்தது.

"யக்கா! எழுந்து போயி கேட்டத் தொற. நான் வரச் சொன்ன ஆளு வர்றான்."

"யாருங்க?"

"கூழு குடிச்சவன்!"

கேட்டைத் திறந்தேன். ஒல்லியாக ஒருவன், கையில் பெரிய ட்ரங்குப் பெட்டி. பின்னால் முக்காடு போட்ட இளம் பெண், இடுப்பில் ஒரு குழந்தை. ஒரகடத்துக்குக் காண்டிராக்டரோடு போனவன், இங்கேயே ஒரு கம்பெனியில் நேரடியாக வேலை கிடைத்துத் திரும்பிவிட்டானாம். ஊருக்குப் போய்க் குடும்பத்தை அழைத்து வந்திருக்கிறான். மேற்குப் பார்த்த வாசலை அவன் பார்க்கவே இல்லை. உள்ளே போனான். முன்பு தன் கட்டில் இருந்த மூலையை மனைவிக்குக் காட்டி அவர்கள் மொழியில் ஏதோ சொன்னான். அவள் சிரித்தாள். புது மேடையைத் தடவிப் பார்த்துவிட்டுக் குழந்தையை அதன் மேல் உட்கார வைத்தாள்.

மகள் எழுந்து நின்றாள். வாடகை, அட்வான்ஸ் என்று தொடங்கப் போனாள். அதற்குள் அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, தயங்கி, மொட்டை மாடியைக் கை காட்டிச் சொன்னான்:

"அக்கா, மேல தண்ணி டேங்க் மூடி... அது நான்தான் ஒடச்சேன். நாளைக்கு வெல்டிங் வச்சி புதுசு போட்றேன். ஊடு எங்களுக்குத் தருவீங்களா?"